வித்யாவுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் வித்யாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். மாப்பிள்ளையிடம் பேசினேன். நீ தூங்குகிறாய் என்றார். முந்தின நாளும் அதையேதான் சொன்னார்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது இரவில் நீ மாத்திரை போட்டு நான் பார்க்கவில்லை. மாடியில் போட்டிருப்பாய்.

உன் மார்பகப் புற்றுநோய்க் கட்டியின் திசு வைத்த கண்ணாடி ஸ்லைடை நான் கேட்டு வாங்கிப் பார்த்தது உனக்குத் தெரியும். ஆயுள் முழுக்க ஸ்லைடுகளுக்குச் சாயமேற்றியவன் நான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போய் ஒட்டும் இடமான ஏற்பி (ஈ.ஆர்.) இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். உன்னுடையதில் ஏறக்குறைய எல்லாமே பழுப்பு. அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். உன் மாத்திரை டமாக்சிஃபென் வேலை செய்வது அங்கேதான். ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தை அது முன்னாலேயே பிடித்துக்கொள்கிறது. அந்த ஏற்பி உள்ள, ஈ.ஆர். பாசிட்டிவ் பெண்கள் 5 ஆண்டு விடாமல் போட்டதில், இந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நெகட்டிவ் என்றால் அந்த மாத்திரையால் பயனே இல்லை.

ஆனால் நெகட்டிவ் வகை திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். உன்னுடையது காத்திருக்கும் வகை. 5 ஆண்டு மாத்திரையை முடித்தவர்களுக்கும் 20ஆம் ஆண்டு வரை திரும்பிக்கொண்டே இருந்ததாக 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதனால்தான் மாத்திரை, மாத்திரை என்று உயிரை எடுக்கிறேன்.

கீமோ முடிந்த கையோடு வகுப்பெடுக்கப் போனவள் நீ. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பிடிவாதத்தை எங்களிடமும் காட்ட வேண்டுமா? காதுகுத்துக்கு நீ வராததற்கு வேலைதான் காரணம் என்று உன் அம்மா நம்புகிறாள். நான் நம்பவில்லை.

உனக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்றுதானே? அதற்கும் வழி இருக்கிறது, அம்மா. 2023இல் 'பாசிட்டிவ்' என்ற ஆய்வின் முடிவு வெளிவந்தது. 42 வயதுக்கு மேற்படாத, 18 முதல் 30 மாதம் வரை இந்த மாதிரி ஹார்மோன் சிகிச்சை எடுத்த 500க்கும் மேற்பட்ட பெண்கள், குழந்தைக்காக 2 ஆண்டு வரை மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் குழந்தை பிறந்தது. முதல் 3 ஆண்டில் நோய் திரும்பியது மருந்தை நிறுத்தாதவர்களைவிட அதிகமில்லை. படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த முடிவு வந்தபோது அவர்களைக் கவனித்திருந்தது ஏறக்குறைய மூன்றரை ஆண்டுதான். 20 ஆண்டுக் கணக்கு இன்னும் வரவில்லை. மருந்தை நிறுத்தியதும் கருத்தரிக்கக் கூடாது. அது உடம்பைவிட்டுப் போக 3 மாதம் விட வேண்டும். பிறந்த பிறகு மறுபடி தொடங்கியாக வேண்டும்.

நீ ஆசைப்படுவதைத் தப்பென்று யார் சொல்வார்கள்? நிறுத்துவதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்து. ஏற்கெனவே நிறுத்தியிருந்தாலும் போய்ச் சொல். அவர் திட்டமாட்டார். நானும் திட்டமாட்டேன்.

அடுத்த செக்கப் எந்தத் தேதி என்று மாப்பிள்ளையிடமாவது சொல்லியனுப்பு. இரவு பஸ்ஸில் ஏறி வந்துவிடுகிறேன். டாக்டர் அறைக்குள் வரமாட்டேன், வெளியிலேயே இருக்கிறேன். அதுவரை மாத்திரையை விடாதே.

அப்பா