கறுப்புப் பாயை மறைத்துவிடாதே

லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். வியாழக்கிழமை இரவு நீ தொலைபேசியில் சொன்னதை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் புரட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஜூலையில் ஆரம்பப் பள்ளியை விட்டுப் போவதற்கு முன் மேடையேற்றும் இசை நாடகத்துக்கு நீ கிரேக்கப் புராண வீரன் தீசியசின் கதையைத் தெரிந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் முடிவு பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கும் என்று உன்னோடு கற்பிக்கும் ஆசிரியர்கள் சொல்வதால், மாட்டுத் தலையும் மனித உடலும் கொண்ட அரக்கன் மினோட்டார் வீழ்ந்ததும் எல்லோரும் கப்பலேறிப் பாடுவதோடு திரையை மூடிவிடலாமா என்று கேட்டாய். மூடாதே மகள். கப்பலின் அந்தக் கறுப்புப் பாய் ஏதென்ஸ் கரைக்கு வந்து சேரும்வரை கதை முடிவதில்லை.

இதை எனக்குக் கற்பித்தவளே நீதான். உனக்குப் பத்து வயதாக இருந்தபோது உன் பள்ளிக்கூடத்திலும் இதே கதையை இசை நாடகமாகப் போட்டார்கள். ஏழு பையன்கள், ஏழு பெண்கள் என்று மினோட்டாருக்கு இரையாகக் கிரீட் தீவுக்குப் போகும் பதினான்கு பேரில் நீயும் ஒருத்தி. பழைய கட்டில் விரிப்புகளை வெட்டிப் பதினான்கு அங்கிகள் தைத்தேன். மாட்டுத் தலையைச் செய்தித்தாளும் கோதுமை மாப் பசையும் கொண்டு செய்து, நம் பல்கனியில் நான்கு நாள் காயவைத்தோம். அதை அணிந்த பையன் வகுப்பில் வாய் திறக்காதவன் என்று உன் ரீச்சர் சொல்லியிருந்தார். தீசியஸ் வாளை ஓங்கியதும் அவன் விழுந்தான். விழுந்தவன், பாட்டு முழுதும் முடியும்வரை அசையவேயில்லை. பிறகு மேடையோரத்தில் நான் அந்தத் தலையைக் கழற்றியபோது, வியர்வையில் மயிர் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. கன்னத்தில் செய்தித்தாளின் கறுப்பு மை தலைகீழ் எழுத்தாகப் பதிந்திருந்தது. "நான் சரியாகச் செத்தேனா?" என்று அவன் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த நாடகமும் கப்பலேறுவதோடுதான் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்துகொண்டு, "தீசியசின் அப்பா இன்னும் மலையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாரே, அவருக்கு யார் போய்ச் சொல்வார்கள்?" என்று கேட்டாய். முதற் காட்சியில் ஈஜியஸ் மன்னன் மகனிடம், "நீ உயிரோடு திரும்பினால் கறுப்புப் பாயை இறக்கிவிட்டு வெள்ளைப் பாயை ஏற்று" என்று சொல்லியனுப்பியதை நீ கவனித்திருந்தாய். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று நாடகம் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது விடுபட்டது தெரிந்தது. மகிழ்ச்சியான முடிவு என்று பெரியவர்கள் கொடுத்தது அவளுக்கு முடிவாகவே படவில்லை. எனக்கும் அன்று பதில் தெரிந்திருக்கவில்லை.

பதிலைத் தேடித்தான் நான் அந்தக் கதையைப் படிக்கத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு பாடசாலைச் சுற்றுலாவில் பெற்றோர் உதவியாளராக உங்களோடு பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மதுக்கிண்ணத்தைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? கி.மு. 440 - 430 அளவில் ஏதென்சில் தீட்டப்பட்டது. இத்தாலியின் வுல்ச்சியில் கிடைத்தது. கிண்ணத்தின் நடுவட்டத்தில் தீசியஸ், இறந்த மினோட்டாரை வாசலுக்கு வெளியே இழுத்து வருகிறான். சுற்றிலும் அவனுடைய மற்ற வெற்றிகள். நீங்கள் எல்லோரும் தீசியசைப் பார்த்தீர்கள். நான் பார்த்தது இழுபட்டு வரும் அந்த உடலைத்தான். அந்த அரக்கனுக்கு ஒரு பெயரும் உண்டு. பழைய நூலொன்று அவனை ஆஸ்டீரியஸ் என்கிறது. விண்மீன் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். அவன் பிறந்த வரலாறு சிறுவர் மேடைக்கு ஏற்றதல்ல, அதை நீ விட்டுவிடுவது சரி. ஆனால் அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடாதே. உன் வகுப்பில் யார் மாட்டுத் தலையை அணிந்தாலும், அவனுக்கும் ஒரு பெயர் இருக்கட்டும்.

கதை எங்கே தொடங்குகிறது என்பதையும் பார். கிரீட்டை ஆண்ட மினோஸ் மன்னனின் மகன் ஆண்ட்ரோஜியஸ் ஏதென்ஸ் மண்ணில் கொல்லப்பட்டான். அதற்குப் பழியாகத்தான் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பதினான்கு பிள்ளைகளைத் திறையாக அனுப்பவேண்டி வந்தது என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். மகனை இழந்த தகப்பன் ஒருவனின் துயரத்தில் தொடங்கும் கதை, கறுப்புப் பாயைக் கண்டு மகனை இழந்துவிட்டதாக நம்பிய இன்னொரு தகப்பன் பாறையிலிருந்து விழுந்து மாய்வதில் முடிகிறது. ஈஜியன் கடல் என்ற பெயரே அவரால் வந்தது என்பார்கள். இந்த இரண்டாவது தகப்பனை வெட்டிவிட்டால், முதலாவது தகப்பன் வெறும் கொடுங்கோலனாக நின்றுவிடுவான்.

நான் வல்வெட்டித்துறைக்காரி. எங்கள் கடற்கரையில் பாய்க்கப்பல்கள் வந்துபோன காலத்தை என் அம்மம்மா கண்டவர். தொலைவில் பாய் தெரிந்தாலே யாருடைய கப்பல் என்று சொல்லிவிடுவாராம். பாயைப் பார்த்து உயிர் பிடித்து நிற்பது எப்படியென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தீசியசும் மாலுமியும் மகிழ்ச்சி மிகுதியால் பாயை மாற்ற மறந்துவிட்டார்கள் என்று படித்தபோது நான் அதிர்ந்துபோனேன். தீமையால் வந்த சாவாக இருந்தால் மனம் ஆறியிருக்கும். இது சந்தோஷத்தில் வந்த மறதி. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு மறதி நன்றாகவே தெரியும்; அதனால் இது அவர்களுக்கு எட்டாத துயரமாக இருக்காது.

அந்தத் துயரத்தை எப்படிப் பாடுவது என்று நீ கவலைப்படத் தேவையில்லை, ஏதென்ஸ் மக்களே வழி காட்டியிருக்கிறார்கள். தீசியஸ் திரும்பி வந்ததை நினைத்துக் கொண்டாடிய விழாவில், "எலெலேயு! இயூ! இயூ!" என்று கூவுவார்களாம். முதற் சொல் வெற்றியின் ஆரவாரம்; அடுத்து வருவது திகைப்பின் ஓலம். இரண்டும் ஒரே மூச்சில். உன் கடைசிப் பாட்டை இந்த மூன்று கூவல்களின் மேல் கட்டிப் பார். பிள்ளைகளில் பாதிப்பேர் கப்பலிலிருந்து முதற் கூவலைப் பாட, மற்றப் பாதிப்பேர் கரையிலிருந்து அடுத்ததைப் பாடினால், அழுகைக் காட்சி என்று ஒன்றும் தனியாக வேண்டியதில்லை.

பிள்ளைகள் இந்தக் கதையைப் பாடுவது புதிய பழக்கமும் அல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்சில், மதுக் கடவுள் டயனைசஸ் விழாவில் பத்துக் குலங்களும் குலத்துக்கு ஐம்பது சிறுவர்கள் கொண்ட பாடற்குழுவை அனுப்பின. ஐந்நூறு சிறுவர்கள், குழல் இசைக்கு ஆடிப் பாடினார்கள். அதே நூற்றாண்டில் பக்கிலிடிஸ் என்ற கவிஞர், கிரீட்டுக்குப் போகும் கப்பலில் இருந்த தீசியசையும் அந்தப் பதினான்கு பேரையும் பற்றி ஒரு குழுப்பாடல் இயற்றினார். மினோஸ் கடலில் மோதிரத்தை எறிய, தீசியஸ் குதிக்க, டால்பின்கள் அவனைக் கடலடி மாளிகைக்குச் சுமந்து செல்கின்றன. எகிப்தில் மண்ணுக்குள் கிடந்த பாப்பிரசு ஏட்டில் எழுதப்பட்டிருந்த அந்தப் பாடல், 1896இல் லண்டனுக்கு வந்து 1897இல் அச்சேறியது. டால்பின்களை விட்டுவிடாதே, கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வேடம் கிடைக்காது.

மேடை வேலை பற்றிச் சிறிது. மினோட்டாரை அடைத்துவைத்திருந்த சுழல்வழிக்கோட்டையை அட்டையில் செய்யாதே. எங்கள் காலத்தில் செய்த அட்டைச் சுவர்களில், வழி தவறாமல் திரும்பிவர மினோசின் மகள் அரியாட்னி தீசியசுக்குக் கொடுத்த நூல் சிக்கி, ஒரு சுவர் பாட்டின் நடுவே சரிந்தது. பிள்ளைகளே கைகோத்துச் சுவராக நிற்கட்டும். பாடிக்கொண்டே வளைந்து வளைந்து வழியை மாற்றட்டும். வீடு திரும்பும் வழியில் டெலோஸ் தீவில் இறங்கிய தீசியசும் அந்தப் பிள்ளைகளும், கோட்டையின் வளைவுகளைப் போலவே சுற்றிச் சுற்றி ஒரு நடனம் ஆடினார்கள் என்றும், அதற்குக் கொக்கு நடனம் என்று பெயர் என்றும் புளூட்டார்க் சொல்கிறார். முதலில் சுவராக நின்றவர்களே அதே அடிகளைப் பின்னர் கொக்கு நடனமாக ஆடினால், பார்ப்பவர்களுக்கு அந்த இடம் புரியும். அரியாட்னியை நக்சோஸ் தீவில் விட்டுவிட்டு வந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அதில் நீ விரும்பியபடி செய்துகொள். ஆனால் அவளும் கப்பலில் ஏதென்சுக்கு வந்துவிட்டதாக மட்டும் காட்டாதே.

இன்னொன்று, இதை நான் உனக்காகவே வைத்திருந்தேன். கிரீட்டுக்குப் போகச் சீட்டு விழுந்த பிள்ளைகளின் தாய்மார்கள், கப்பல் புறப்படும்வரை ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டும், பயம் தெளியக் கதைகள் சொல்லிக்கொண்டும் இருந்தார்களாம். அந்தத் தாய்மாரின் நினைவாக, பின்னாளில் விழா ஊர்வலத்தில் உணவு சுமந்து செல்லும் பெண்கள் இருந்தார்கள். நான் ஊரை விட்டுப் புறப்பட்ட இரவு, உன் அம்மம்மா வாழையிலையில் கட்டித் தந்த புட்டுப் பொதியைப் பயணத்தில் பிரிக்கவே மனம் வராமல் மடியில் வைத்திருந்தேன். கப்பல் புறப்படும் காட்சிக்கு முன் அந்தத் தாய்மாருக்கு ஒரு சிறு பாட்டுக் கொடுப்பாயா? மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், செப்டெம்பரில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள்.

பாய்களை நான் தைத்துத் தருகிறேன். கறுப்புக்கு வீட்டில் பழைய திரைச்சீலை இருக்கிறது. மற்றதை வெள்ளையில் தைப்பதா, சிவப்பில் தைப்பதா என்று நீ முடிவுசெய். ஈஜியஸ் கொடுத்தது வெள்ளைப் பாய் அல்ல, செந்நிறச் சாயம் தோய்த்த பாய் என்று சிமோனிடிஸ் என்ற பழங்கவிஞர் பாடியிருக்கிறார். எனக்குச் சிவப்புப் பிடித்திருக்கிறது. பின்வரிசையிலிருந்தும் கண்ணில் படும். கடைசிவரை அது சுருட்டியபடியே மேடையோரத்தில் கிடக்க வேண்டும், எல்லோரும் பார்க்கும் இடத்தில். மேடையின் அகலத்தையும், மேல்கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து இந்தக் கிழமைக்குள் அனுப்பிவிடு. துணிக்கடைக்குச் சனிக்கிழமை போகிறேன்.

அன்புடன்,
அம்மா