நடுவில் எதை மாற்றினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோற்றுப் பின்னர் சாதித்தவர்களைப் பற்றி ஞாயிறு இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். யார் எத்தனை முறை விழுந்தார் என்ற கணக்கு இருந்தது. எழுந்து நின்று சிரிக்கும் படமும் இருந்தது. நடுவில் எதை மாற்றினார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வெல்டராகவும் பிறகு வெல்டிங் ஆய்வாளராகவும் 34 ஆண்டுகள் இருந்தவன் நான். எனக்கு அந்த நடுப்பகுதிதான் வேண்டியிருந்தது.

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். குழாய் வெல்டிங் தகுதித் தேர்வில் நான் இரண்டு முறை பட்டேன், புத்தி வரவில்லை. முதல் முறை ராடு, அதாவது உருகி இணைப்பாகும் வெல்டிங் கம்பி, சரியில்லை என்றேன். இரண்டாம் முறை, சோதித்தவருக்கு என்னைப் பிடிக்காது என்றேன். சீட்டில் 'தேறவில்லை' என்ற ஒரு சொல்தான் இருந்தது. நான் வெல்டிங் செய்த இணைப்பின் எக்ஸ்ரே பிலிமைக் காட்டுங்கள் என்று நானாவது கேட்டிருக்கலாம். வெட்கம் தடுத்தது.

பிலிம் பார்க்கும் பெரியவர் தானாகவே என்னைக் கூப்பிட்டார். இரண்டு பிலிம்களையும் விளக்குப் பெட்டியின் மேல் அருகருகே வைத்தார். "தம்பி, நீ இரண்டு முறை தோற்கவில்லை. ஒரே தோல்வியை இரண்டு முறை செய்திருக்கிறாய்" என்றார். இரண்டிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளிகள். உலோகத்துக்குள் குமிழி தங்கினால் பிலிமில் அப்படித்தான் தெரியும்.

அந்தத் தேர்வில் குழாய் அசையாது; வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். கடிகார முகம்போல நினைத்துக்கொண்டால், அடியில் ஆறு மணியில் தொடங்கிப் பன்னிரண்டு வரை ஒரு பாதி, மீண்டும் ஆறிலிருந்து மறுபாதி. என் புள்ளிகள் எல்லாம் அந்த ஆறு மணியில்தான் இருந்தன. ராடின் நுனியில் மின்பொறி பற்றும் முதல் நொடியில், உருகிய உலோகத்தைக் காக்கும் வாயுத் திரை இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. நான் பொறி பற்றவைத்த இடத்திலிருந்து நேராக மேலே ஏறிவிட்டேன். சற்று முன்னால் பொறி பற்றவைத்து, பின்னுக்கு வந்து, அந்தத் தொடக்கத்தையே மறுபடி உருக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். ராடையும் ஓவனிலிருந்து சூடாக எடுத்துப் பயன்படுத்தச் சொன்னார்; ஈரம் ஏறிய ராடு குமிழியைக் கூட்டும். ஆக, ராடைக் குறை சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் அதை ஈரக் காற்றில் திறந்து போட்டிருந்தவனும் நான்தானே!

மூன்றாம் முறை தேறினேன். அன்று முதல் தேறாத பிலிம்களைப் பற்றி மட்டும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். எல்லாவற்றிலும் பாடம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். மின்சாரம் ஏறி இறங்கிய நாளும், தகடே கெட்டுப்போயிருந்த நாளும் அதில் உண்டு. அவற்றுக்காக என் கையை மாற்றியிருந்தால் இருந்த திறமையும் போயிருக்கும்.

இதைப் பெரிய அளவில் அனுபவித்தவர்கள் கப்பல் கட்டியவர்கள். 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்டில், ஷெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், அலையற்ற நீரில் கரையோரம் கட்டி நிறுத்தியிருந்தபோதே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. முதலில் பழி வெல்டிங்கின் மேல்தான் விழுந்தது. குறை அதிலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்காலக் கப்பல்களின் விரிசல்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது வேறு சிலவும் தெரிந்தன. அந்த எஃகு குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது என்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் காட்டினார். மேல்தளத் திறப்புகளின் கூரான சதுர மூலைகளில் விரிசல் பிறந்ததும் தெரியவந்தது. மூலைகளை வளைத்துக் கட்டினார்கள். வெல்டரைத் திட்டுவதோடு நின்றிருந்தால் அந்த மூலைகள் அப்படியே இருந்திருக்கும்.

ஆய்வாளரானபின், தேறாத பையன்களை நானும் விளக்குப் பெட்டிக்கு அழைப்பேன். பாதிப் பேர் வர மாட்டார்கள். கோபம் வரும், பிறகு என் முதல் பிலிம் நினைவுக்கு வரும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சாதித்தவர்களைப் பேட்டி காணும்போது, எத்தனை முறை தோற்றீர்கள் என்பதோடு, கடைசித் தோல்விக்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் திணறினால் அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் ஆய்வாளர் ஒருவர்