தராசில்லாத ஒரு போயா நாள்

டிக்கோயா

அன்பின் நண்பனுக்கு,

கோத்தகிரியிலிருந்து நீ எழுதிய கடிதம் சென்ற மாதமே கைக்குக் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நிறைவேறியதை அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எழுத வேண்டியவற்றை மனதில் சேர்த்துக்கொண்டே இருந்தேன். கடந்த போயா என்னும் பௌர்ணமி விடுமுறை கழிந்த பிறகு, இதை உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது.

டிசம்பர் மாதத்து உந்துவப் போயா அன்று நம்முடைய தேவாலயத்தில், கூலியில்லாமல் எல்லோரும் கூடி வேலை செய்யும் சிரமதானம் வைத்தோம். நாம் சிறுவர்களாக இருந்தபோது பீலியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து, பாதியைக் காலிலேயே ஊற்றிக்கொண்டு வந்து சேர்ந்த அதே சிரமதானம்தான். இந்த வழக்கம் வந்த கதையை என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. நிலவின் கணக்குப்படி ஏறக்குறைய வாரம் ஒருமுறை வந்த போயா நாட்களே விடுமுறையாக இருந்தன. ஞாயிறு வேலை நாளாகிவிட்டதால், மலையிலிருந்து இறங்கிக் கால் கழுவிக்கொண்டு மாலையில்தான் ஆராதனைக்குப் போவாராம். ஆலயத்தைக் கழுவுவதற்கும் கூரையைப் பார்ப்பதற்கும் போயாவைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஞாயிறு திரும்பக் கிடைத்த பிறகும் போயாச் சிரமதானம் நம்மவரிடம் நிலைத்துவிட்டது.

நான் 27 வருடங்களாகத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் புத்தகமும் பேனாவுமாக நிற்பவன் என்பது உனக்குத் தெரியும். நிறை எட்டியவர்களுக்கு முழு நாள் சம்பளத்துக்கான முழுப்பேர் போடுவதும், எட்டாதவர்களுக்கு அரை நாளுக்கான அரைப்பேர் போடுவதும் என் கையால்தான் நடக்கிறது. மழையில் நனைந்து, அட்டைக்கடியோடு இறங்கி வரும் ஒருத்திக்கு இரண்டு கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் எழுதிவிட்டு, இரவில் உறங்காமல் கிடந்த நாட்கள் உண்டு. விடுமுறை நாளில் கைகாசுக்குக் கொழுந்து பறித்தால் கிலோ கணக்கில் அன்றே பணம் கிடைக்கும். கிறிஸ்மஸ் நெருங்கும் மாதத்தில் அந்தப் பணம் பிள்ளைகளின் உடுப்புக்கு உதவும். ஆகவே பெண்கள் பலர் வரமாட்டார்கள் என்றே எண்ணியிருந்தேன். விடியற்காலையில் பனிமூட்டத்துக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து பேச்சுக் குரல் கேட்டது. துடைப்பமும் மண்வெட்டியும் ரொட்டிப் பொட்டலமுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஏறி வந்தார்கள். அவர்களில் நான்கைந்து பேர் நம் சபையாரே அல்லர். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் பந்தல் போடப் போனதற்காக வந்தோம் என்றார்கள்.

ஆண்கள் அரைப் பீப்பாயில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அது கொதித்து அடங்கும் வரை சுற்றி நின்று குளிர்காய்ந்துவிட்டு, உப்பும் கொஞ்சம் நீலமும் கலந்து சுவரில் ஏறினார்கள். எனக்குப் பித்தளைச் சாமான்கள் கிடைத்தன. ஓய்வுபெற்ற பிறகும் கைகாசுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஓர் அம்மா என் எதிரில் உட்கார்ந்து, பழப்புளியும் சாம்பலும் தொட்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைத் தேய்த்தார். மலையில் என்னை "கணக்கப்பிள்ளை ஐயா" என்று மட்டுமே அழைத்துவந்தவர், அன்று, "தம்பி, அடிப்பாகத்தில் இன்னும் பச்சைக் களிம்பு இருக்குது, நல்லாத் தேயுங்க" என்றார். நான் தேய்த்தேன். சிறிது நேரத்தில் அவர் தம் வலக்கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் வெடிப்புக்குள் வெடிப்பாக ஏறியிருந்த கொழுந்துக் கறை, புளி பட்டுப் பாதிக்குமேல் போயிருந்தது. "கல்யாணத்தன்று இருந்த கை மாதிரி இருக்குது" என்று சிரித்தார். எத்தனையோ வருடங்களாகப் புத்தகத்தில் அவர் பேரை எழுதிவரும் நான், அவர் விரல்களை அன்றுதான் பார்த்தேன்.

நண்பா, அன்றைய மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்துவிட்டேன். வேலை குறைவாக இல்லை. மலையில் செய்வதைவிட அதிகமாகவே எல்லோரும் குனிந்து நிமிர்ந்தார்கள். ஆனால் யார் எவ்வளவு செய்தார் என்று எவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி களைத்தால் மற்றவள் அவள் பங்கையும் சேர்த்துக் கூட்டினாள். எழுத எதுவுமில்லாமல் என் கை அவ்வளவு இலேசாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு கல்லறைத் தோட்டத்தில் இறங்கினோம். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து நிற்கும் வார்லி ஆலயம் 1878 இல் கட்டப்பட்டது. அங்கே வெள்ளைக்காரத் துரைமார் கல்லறைகளில் பெயரும் ஊரும் வருடமும் செதுக்கியிருப்பார்கள். நம்மவர் கல்லறைகளோ புல் மேடுகள்தாம். 1854 இல் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலம் தொட்டு இந்த மலைகளில் எத்தனை பேரை அடக்கம் செய்திருப்பார்கள்! மேட்டுக்கு ஒரு கல், அதுவும் இல்லாவிட்டால் ஒரு செடி. உன் பாட்டியின் மேட்டை நான் அந்தச் செம்பரத்தையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நம்மவரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி உங்கள் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முதல் நாள் நீ நட்ட கிளை, இப்போது என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. மானாப்புல்லை அறுத்து, மண்ணை அணைத்து, சுற்றிலும் வெள்ளைக் கல் பதித்தோம். இளைஞன் ஒருவன் எடுத்த படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. உந்துவப் போயாவோடுதான் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலம் தொடங்குகிறதல்லவா? ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களால் தெரு நிறைந்திருந்தது. அவற்றில் ஒன்று பழுதாகி நம் ஆலயத்துக்குக் கீழே நின்றுவிட்டது. தூர இடத்துச் சிங்களச் சனங்கள்; வயதானவர்களும் கைக்குழந்தைகளும் குளிரில் நடுங்கினார்கள். எங்களுக்கென்று காய்ச்சிய தேநீர்ப் பானையை அப்படியே பெண்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டு அவர்கள் குடித்து முடித்த பிறகு, ஒரு முதியவர் மேலே ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சுண்ணாம்பு வாடை வீசும் ஆலயத்துக்குள் சிறிது நேரம் கைகூப்பி நின்றுவிட்டுப் போனார். எங்களுக்கு மறுபடி தேநீர் காய்ச்ச இருட்டிவிட்டது.

பழைய மண்டபத்துத் தகரத்தை அடுத்த போயாவுக்கு மாற்றுவதாக இருக்கிறோம். அதற்குள் நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். உன் பாட்டியை நாம் எல்லோரும் "மேல்லயத்துப் பாட்டி" என்றே அழைத்தோம்; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பெயரையும், இறந்த வருடத்தையும், இந்தியாவில் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதையும் எழுதி அனுப்பு. பலகை தயாராக இருக்கிறது. எழுத்தை நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் அன்பு நண்பன்