ஐப்பசி, கார்த்திகைக்கு ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்த கடிதத்தை எங்கள் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டோம். எங்கள் செட்டிநாட்டு ஊர்களான கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான மண்ணை விட்டு இளைஞர்கள் ஏன் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் ஓட வேண்டும் என்று கேட்டிருந்தார். மனசு நொந்துதான் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தகப்பன்களில் நானும் ஒருவன். என் மூத்த மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

நான் ஆத்தங்குடிக் கல், அதாவது தரைக்குப் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல், போடுகிறவன். பதினாறு வயதில் அப்பாவோடு பட்டறைக்கு வந்தேன், இப்போது எனக்கு 54. கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்துக்குள் வைத்து, அதன் மேல் அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகக் கலரை ஊற்ற வேண்டும். சிமெண்டும் சாயமும் கரைத்த அந்தக் கலர் மோருக்கும் தயிருக்கும் நடுப்பதத்தில் இருக்க வேண்டும். அச்சைத் தூக்கும்போது கை ஆடினால் பூ கலைந்துவிடும். அதன் மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்த தூள், அதற்கு மேல் ஈரக் கலவை, பிறகு மட்டம் தட்டல். காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து மறுபடி காயவைப்போம். சூளையில் வேக வைப்பதில்லை. கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் அப்படியே இறங்கியிருக்கும். வெறுங்கால் பட்டுப் பட்டு, எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கத் துடைக்க, வருஷம் ஏற ஏற அதன் மினுமினுப்பு கூடும்.

மூத்தவன் பள்ளிக்கூட லீவில் வந்து பழகியவன். அச்சே வைக்காமல் கையாலேயே கலரைச் சுழற்றி ஊற்றிப் பூப்போடுவான். அவன் கை எனக்கு வராது. இதை அவனிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

அவனை ஊரை விட்டு அனுப்பியது ஐப்பசியும் கார்த்திகையும். வானம் மூடிக்கொண்டால் மணல் காயாது, போட்ட கல்லும் காயாது. ஈரத்தோடு அவசரப்பட்டு எடுத்தால் ஓரம் உதிர்ந்துவிடும். எங்களுக்குக் கூலி கல் கணக்கு. கல் இல்லாத நாளில் கூலியும் இல்லை. மாசி, பங்குனியில் மாதம் 25 நாள் வேலை பார்க்கிற எனக்கு, அடைமழையில் வாரத்துக்கு இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. முதலாளியிடம் முன்பணம் வாங்குவோம், தை முழுக்க அதைக் கழிப்போம். 2021 நவம்பர் மழையில் பட்டறை தொடர்ந்து 18 நாள் மூடிக் கிடந்தது. மகளின் படிப்புச் செலவுக்கு என் மனைவியின் தோடு அடகுக்குப் போனது. அன்று ராத்திரி மூத்தவன் யாரோடும் பேசவில்லை. அடுத்த மாசியில் ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் எழுதினோம். ஏஜெண்ட் சொன்ன சம்பளம் ஒன்று, அங்கே போய்க் கையில் வாங்கியது ஒன்று. கடன் அடைய 14 மாதம் ஆயிற்று.

பெரியவருக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். அவர் பார்த்து வியந்த முகப்பும் வளவும் (வீட்டு உள்முற்றம்) பர்மா தேக்குத் தூணும் ஊரிலேயே உட்கார்ந்திருந்தவர்களால் வந்தவையில்லை. செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்யப் போனார்கள். அங்கே கடைகளில் வேலைக்குப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பி வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறினார்கள். அவர்கள் இல்லாத காலமெல்லாம் ஆச்சிமார், அதாவது அந்த வீட்டுப் பெண்கள், வீட்டையும் வரவு செலவையும் கட்டிக் காத்தார்கள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அவர்கள் போனதை ஊர் பெருமையாகச் சொல்கிறது. என் மகன் போனால் அதற்கு ஓட்டம் என்று பெயரா?

ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் அவன் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறான். 1859-ல் நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார்கள், எழுப்பிய கோயில் அது. “அப்பா, இங்கேயும் நம்ம பக்கத்து ஆளுகதான் முன்னாடியே வந்திருக்காக” என்று முதல் தடவை போனபோது போனில் சொன்னான். அங்கே அவனுக்கு அடுக்குமாடி வீடுகளில் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. “பெட்டியைப் பிரிச்சா எல்லாம் ஒரே முகமா இருக்குப்பா” என்றான். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே போய்ச் சம்பாதித்ததை ஊருக்குள் வேலையாக மாற்றியவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். எங்கெங்கிருந்தோ படித்தவர்கள் எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்தார்கள். என் மகள் இன்று டவுன் பஸ்ஸில் போய் வேதியியல் படிக்க முடிகிறதென்றால் அதுவும் அவர் போட்ட வித்துத்தான்.

எங்கள் தொழிலுக்கு ஆர்டர் இல்லாமல் போய்விடவில்லை, இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பழைய வீடுகள் ஓட்டல்களாகின்றன. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வீடு கட்டுகிறவர்கள் போட்டோ அனுப்பி இதே பூ வேண்டும் என்று கேட்கிறார்கள். கல் போடத்தான் கை இல்லை. எங்கள் பட்டறையில் ஒரு காலத்தில் பதினொரு பேர். இப்போது ஐந்து பேர், அதில் முப்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

ஆகவே பிள்ளைகளிடம் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்கிறார்கள். மழையில் பாத்தி கரைந்துபோகும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் இருக்கிறது. அந்த நியாயம் எங்களுக்கும் பொருந்தும். உப்பைப் போலவே கல்லும் வெயிலை நம்பியது. நாங்கள் பெரிய கூட்டமும் இல்லை, பட்டறை பட்டறையாக வந்தால் எண்ணி எடுத்துவிடலாம். சிவகங்கை மாவட்ட நிர்வாகம் இந்த ஒரு காரியத்தைச் செய்தால், அந்த இரண்டு மாதத்தை நினைத்துப் பயந்து பஸ் ஏறும் பிள்ளைகளில் சிலராவது நிற்பார்கள். ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தை மாதம் தரை போட வேண்டுமென்றால் ஆடியிலேயே ஆர்டரும் முன்பணமும் கொடுங்கள். வெயில் இருக்கும்போதே போட்டு அடுக்கிவிடுவோம். மழை மாதத்தில் கையில் நாலு காசு இருக்கும்.

கடிதம் எழுதிய ஐயாவுக்கு: அடுத்த தடவை கார்த்திகையில் வாருங்கள். எங்கள் ஊர் மிக அழகாக இருப்பது அப்போதுதான். ஊருணி படிக்கட்டு மூழ்க நிறைந்திருக்கும், கம்மாய்க் கரையில் நாரை இறங்கும், செம்மண் பாதை கழுவிவிட்டது போல இருக்கும். மூத்தவன் வீடியோ காலில் ஊருணியைக் காட்டச் சொல்லுவான், நான் குடை பிடித்துக்கொண்டு நின்று காட்டுவேன். அதே நேரத்தில் எங்கள் பட்டறைக்கும் வாருங்கள். மணல் குவியல் தார்ப்பாய்க்குள் கிடக்கும், கண்ணாடிகள் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும்.

வரும் தையில் மூத்தவனின் வேலை பர்மிட் முடிகிறது. புதுப்பிக்கட்டுமா, வந்துவிடட்டுமா அப்பா என்று போன வாரம் கேட்டான். இந்த மழை கழியட்டும், சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

முதலாளி என்னை நல்லபடியாக வைத்திருப்பவர், அவருக்குச் சங்கடம் வேண்டாம். அதனால் பெயரை வெளியிடாமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆத்தங்குடிக் கல் தொழிலாளி ஒருவர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.