எடை குறையட்டும், சத்து குறைய வேண்டாம்

ஆசிரியருக்கு,

உடல் பருமன் உள்ளவர்கள் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் எடையைக் குறைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எடை குறைந்தால் தையலின் மீதான அழுத்தம் குறையும் என்பது உண்மையே. ஆனால் குறைவது கொழுப்பா, தசையா என்பதைக் கட்டுரை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். குடியாத்தத்தில் வசிக்கும் என் அக்கா, பழைய தையலின் வழியே ஏற்பட்ட குடலிறக்கத்துக்காக எடையைக் குறைக்கச் சொன்னதும், காலையில் நீர்த்த கேழ்வரகுக் கஞ்சி, இரவில் இரண்டு சப்பாத்தி என்று இருந்துகொண்டு, பருப்பையும் முட்டையையும் அறவே விட்டுவிட்டார். எடை இறங்கியது, ஆனால் கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடியாத அளவுக்குத் தளர்ந்து, ரத்தசோகையும் சேர்ந்துகொள்ள, அறுவை சிகிச்சையே தள்ளிப்போனது.

இத்தகைய சிகிச்சைக்குத் தயாராகும் பெரும்பாலோருக்கு, எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவரே அளவு சொல்ல வேண்டும்). 60 கிலோ எடையுள்ளவருக்கு இது குறைந்தது 72 கிராம்; ஒரு முட்டையில் இருப்பதோ ஏறத்தாழ 6 கிராம்தான். ஆகவே, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் நாளிலேயே நோயாளி உணவியல் நிபுணரைச் சந்திக்கவும், கொள்ளு, வேர்க்கடலை, முட்டை, மீன் என இப்பகுதியில் கிடைக்கும் உணவுகளை அளவுடன் குறித்த தமிழ்ச் சீட்டைப் பெறவும் ஏற்பாடு செய்ய வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது அதைச் சரிபார்த்தால் இன்னும் நல்லது.

ஒரு வாசகர், காட்பாடி