கடித்த பிறகுதான் புகாரை எழுதிக்கொள்வார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தெருநாய்கள் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளியாகும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எல்லா நாய்களையும் ஒரேயடியாக அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு சாராரும், வாயில்லா ஜீவன்களிடம் மனிதர்கள்தாம் அனுசரித்துப் போக வேண்டும் என்று இன்னொரு சாராரும் எழுதுகிறார்கள். இரு சாராருமே நாய்களை ஒரே மொத்தமாகப் பார்ப்பதால், தெருவில் அன்றாடம் நடந்து போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உண்மை இந்த வாதத்தில் அடிபட்டுப் போகிறது. ஒரு தெருவில் திரியும் நாய்களில் பெரும்பாலானவை யார் வம்புக்கும் போவதில்லை. ஆபத்து பெரும்பாலும் ஒன்றிரண்டு நாய்களிடமிருந்துதான் வருகிறது. அந்த ஒன்றிரண்டு எவை என்பது அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லப் போனால் கேட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

எங்கள் பகுதியில் சைக்கிளில் போகிறவர்களைக் குறிவைத்துத் துரத்தும் நாய் ஒன்றைப் பற்றித் தெரிவிப்பதற்காக உரிய அலுவலகத்துக்கு நானே சென்றிருக்கிறேன். “யாரையாவது கடித்திருக்கிறதா?” என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி. இன்னும் கடிக்கவில்லை என்றதும், எழுதுவதற்காகத் திறந்த பதிவேட்டை ஊழியர் மூடிவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் இருந்த படிவத்தில் கடிபட்டவரின் பெயர், வயது, காயம் ஏற்பட்ட இடம் ஆகியவற்றுக்குத்தான் கட்டங்கள் இருந்தனவே தவிர, கடிபடாதவர் எதையும் எழுதுவதற்கு அதில் இடமே இல்லை. நாய்க்கடியைக் குறைப்பதற்கென்று செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடு, ஒருவர் கடிபட்டால்தான் நகரத் தொடங்கும் என்ற விசித்திரத்தை நான் அன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

நாய் திடுதிப்பென்று கடித்துவிட்டதாகச் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலான கடிகளுக்கு முன்பு நாய் தன்னால் இயன்றவரை எச்சரித்திருக்கும். உடலை விறைத்துக்கொள்வது, கண்ணிமைக்காமல் முறைப்பது, முதுகு மயிரைச் சிலிர்ப்பது, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுவது, அடித்தொண்டையில் உறுமுவது எல்லாமே விலகிப் போ என்று அது சொல்லும் வழிகள். வாலாட்டும் நாய் சிநேகமாகத்தான் இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். வாலை உயர்த்தி விறைப்பாக ஆட்டும் நாய் பாய்வதற்கும் தயாராக இருக்கக்கூடும். சில நொடிகளில் தெரியும் இந்த அடையாளங்கள் ஒருபுறமிருக்க, வாரக்கணக்கில் தெரியும் அடையாளங்களும் உண்டு. தெருமுனை வரை துரத்திவிட்டுத் திரும்பிவந்த நாய், சில நாட்கள் கழித்துக் கணுக்கால் அருகில் வந்து பல்லைக் கடிக்கிறது. பிறகு கால்சட்டையின் விளிம்பைக் கவ்விப் பார்க்கிறது. அதற்கடுத்து என்ன நடக்கும் என்பதை ஊகிக்க நிபுணர் யாரும் தேவையில்லை.

காரணங்களும் மர்மமானவை அல்ல. குட்டி ஈன்ற பெட்டை நாய், ஆறாத புண்ணோ வலியோ உள்ள நாய், கல்லெறியும் அடியும் வாங்கி மனிதர்களைக் கண்டாலே மிரளும் நாய், கிடைத்த உணவைப் பறித்துவிடுவார்களோ என்று அஞ்சும் நாய் ஆகியவை சீறுவது இயல்பு. பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரையிலான காலத்தில் மனிதர்களோடு நல்லவிதமாகப் பழகக் கிடைக்காத குட்டி, வளர்ந்த பின்னும் அச்சத்தோடுதான் இருக்கும்; அச்சத்தில் இருக்கும் நாய்க்குத் தப்பிக்க வழி தெரியாவிட்டால் கடிக்கத்தான் தெரியும்.

இந்த ஒன்றிரண்டு நாய்களின் சுமையை எல்லோரும் சமமாகச் சுமப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காருக்குள் இருந்தபடி தெருவைக் கடப்பவருக்கு நாய்ப் பிரச்சினை ஒரு விவாதப் பொருள், அவ்வளவே. தங்கள் நாளிதழையே விடியற்காலை இருட்டில் வீடு வீடாகப் போடும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள்: எந்தத் தெருவில் இரண்டு கால்களையும் தூக்கி சைக்கிளின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வீட்டுக்கு நாளிதழைத் தள்ளி நின்றே வீச வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். துப்புரவுப் பணியாளர்கள், பொருள் கொண்டுவந்து கொடுப்பவர்கள், இரவுப் பணி முடிந்து திரும்புபவர்கள், கைத்தடியோடு நடக்கும் முதியவர்கள் என எல்லோரிடமும் இப்படி ஒரு வரைபடம் இருக்கிறது. அந்த வரைபடத்தை யாரும் ஒருபோதும் காகிதத்தில் வாங்கிக்கொண்டதில்லை.

கடி நிகழும்வரை காத்திருப்பது ஏன் பொறுப்பற்ற செயல் என்பதற்கு ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் ஒன்றே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்த நோயால் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் உயிரிழக்கிறார்கள். மனிதர்களுக்கு இது தொற்றும் நேர்வுகளில் 99 விழுக்காடு வரை நாய்களால் நேர்பவை. ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். வெறிநாயிடம் கடிபட்டிருந்த அந்தச் சிறுவன் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இத்தனை காலம் கடந்தும், அறிகுறிகள் தோன்றிவிட்டால் இந்த நோய் அநேகமாக எவரையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே கடிபட்ட உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்களாவது கழுவுவதும், கையில் கிடைத்ததையெல்லாம் அதன்மேல் பூசாமல் நேராக மருத்துவமனைக்குச் செல்வதும், ஊசிகளை இடையில் நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் தேதிகளில் போட்டு முடிப்பதும் உயிர் காப்பவை. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் இம்யூனோகுளோபுலின் எனப்படும், கிருமியை உடனடியாக எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பு மருந்து செலுத்தப்பட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து, நாய் பிறாண்டியதைப் பெற்றோரிடம் மறைக்கும் பிள்ளைகள் எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள் என்பதால், முதலில் திட்டுவதை நிறுத்த வேண்டும்.

கடித்த நாய் எது என்று தெரிவதும் தெரியாததும் சிகிச்சையிலேயே வேறுபாட்டை உண்டாக்குகிறது. ரேபிஸ் தாக்கிய நாயின் உமிழ்நீரில் கிருமி வெளிப்படத் தொடங்கினால் அந்த நாய் சில நாட்களிலேயே நோயுற்று இறந்துவிடும். கடித்த நாய் 10 நாட்கள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்தபோது அது நோயைப் பரப்பும் நிலையில் இருக்கவில்லை என்று கொள்ளலாம். அதற்காக ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது என்றாலும், நாயைக் கண்காணிக்க முடிந்தால் மருத்துவர் முடிவெடுப்பது எளிதாகும். முன்பே பதிவு செய்யப்பட்டு, தடுப்பூசி போடப்பட்ட நாய் என்றால் கடிபட்டவர் வீட்டில் அன்றிரவு சற்றுத் தூங்கவாவது முடியும். “ஏதோ ஒரு பழுப்பு நாய்” என்பதற்கு மேல் யாராலும் எதையும் சொல்ல முடியாத நிலையில் அந்தக் குடும்பம் படும் பாட்டை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

தெருநாய்களை மட்டும் பேசிவிட்டு வளர்ப்பு நாய்களை விட்டுவிடுவது நியாயமாகாது. குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்களுக்குப் பழக்கமான நாய்களே என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டு, இரவில் தெருவில் அவிழ்த்துவிடப்படும் நாய் எந்தக் கணக்கில் சேரும்? கழுத்தில் பட்டை இருப்பதால் அது தெருநாய் அல்ல. கேட்டால் உரிமையாளரும் இல்லை. “எங்கள் நாய் ஒன்றும் செய்யாது” என்ற வாக்கியத்தை, அது உறுமிக்கொண்டிருக்கும்போதே சொல்லக்கூடியவர்களை என்னவென்பது?

இங்கே ஸ்காட்லாந்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். நாய் எந்த இனம் என்று பார்க்காமல் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் அந்தச் சட்டத்தின்படி, உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இல்லாத நாயால் ஒருவருக்கு நியாயமான அச்சம் ஏற்பட்டிருந்தாலே உள்ளாட்சி அலுவலர் உரிமையாளருக்கு அறிவிப்பு அளிக்க முடியும். வாய்மூடி அணிவிக்க வேண்டும், பொது இடத்தில் வாரில் பிடித்துச் செல்ல வேண்டும், பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனை விதிக்கலாம். இரத்தம் சிந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது வளர்ப்பு நாய்களுக்கான சட்டம்தான். ஆனால் அச்சம் என்பதே பதிவு செய்யத்தக்க ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ளும் அதன் அடிப்படை தெருநாய்களுக்கும் பொருந்தும்.

எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் இந்தச் சிக்கலே இராது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2008இல் ரேபிஸ் பரவியபோது முதலில் நாய்களைக் கொன்று குவித்தார்கள்; நோய் அடங்கவில்லை, தடுப்பூசி போடப்பட்டிருந்த நாய்களும் சேர்ந்தே மடிந்தன. அதற்கு மாறாக, 1990களிலிருந்து ஆண்டுதோறும் நாய்களுக்குப் பெருமளவில் இலவசத் தடுப்பூசி போட்டுவந்த மெக்சிகோ, நாய்களால் பரவும் ரேபிஸ் மரணங்களை ஒழித்த முதல் நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுபடும் என்பது நிறுவப்பட்ட செய்தி. பிடித்துக்கொண்டு போய் வேறு பகுதியில் விட்டுவருவதும் தீர்வாகாது. அறிமுகமில்லாத இடத்தில் மிரண்டு திரியும் அந்த நாய் முன்பைவிட ஆபத்தானது, இங்கே காலியான இடத்துக்கோ குப்பை இருக்கும்வரை வேறு நாய்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆனால் தடுப்பூசியும் கருத்தடையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று பேசுவோரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். கருத்தடை செய்தால் எண்ணிக்கை மெல்லக் குறையும், இணை தேடும் காலத்துச் சண்டைகளும் குட்டியைக் காக்கும் சீற்றமும் தணியும். அடிவாங்கி மிரண்ட நாயின் மனத்திலிருந்து அச்சத்தை எந்த அறுவை சிகிச்சையும் நீக்காது. காது நுனியில் கருத்தடை அடையாளத்தோடு, அதே தெருமுனையில் அதே சைக்கிள்களைத் துரத்தும் நாயைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நான் கேட்பது மிகச் சிறிய ஏற்பாடு. கடிக்காத நாயைப் பற்றியும் புகார் எழுதிக்கொள்ளும் ஒரு பதிவேடு ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் வேண்டும். நாயின் நிறம், அடையாளம், இடம், நேரம், அது செய்த செயல் ஆகியவை அதில் எழுதப்பட வேண்டும். ஒரே நாயைப் பற்றி வெவ்வேறு வீட்டார் சொல்லத் தொடங்கினால், நாயின் குணம் அறிந்த ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். வலியால் சீறும் நாய்க்கு வைத்தியம் தேவைப்படலாம். குட்டிகளைக் காப்பதற்காகச் சீறினால் சில வாரங்களுக்கு அந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைத்து, பிறகு கருத்தடை செய்தாலே போதுமானதாக இருக்கலாம். பள்ளி வாசலை ஒட்டி உணவு வைக்கப்படுவதுதான் காரணம் என்றால் அந்த இடத்தை மாற்றச் செய்யலாம். எதற்கும் அடங்காத நாயைத் தெருவில் திரும்ப விடாமல் காப்பகத்தில் வைத்துக்கொள்வதும் அந்த அலுவலரின் முடிவாக இருக்கலாம். எந்த முடிவானாலும் புகார் செய்தவருக்கு எழுத்துமூலம் பதில் வர வேண்டும்.

இதில் மிகவும் உதவக்கூடியவர்கள் நாய்களுக்கு உணவிடுபவர்களே என்பது என் கருத்து. அவர்கள்தாம் ஒவ்வொரு நாயையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பிடிக்க வரும் வண்டியைக் கண்டால் ஓடும் நாய் அவர்கள் கைக்கு அடங்கும். அக்கம்பக்கத்தாரோடு சண்டை போடுவதில் செலவாகும் அவர்கள் அக்கறை, தடுப்பூசி நாளன்று நாயைப் பிடித்துக் கொடுப்பதில் செலவானால் இரு தரப்புக்கும் நல்லது. உணவிடும் உரிமையைப் பேசுபவர்கள், தாம் உணவிடும் நாய் துரத்துகிறது என்ற செய்தியை முதலில் தெரிவிக்கும் கடமையையும் ஏற்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பகையைத் தீர்த்துக்கொள்ளப் பொய்ப் புகார்கள் வராதா என்று கேட்கலாம். வரும். எந்தப் புகார்ப் பெட்டியில் அவை வரவில்லை? நேரில் பார்ப்பதற்கு ஆள் வேண்டும் என்று சொல்வதே அதற்காகத்தான்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாய்க்கடிச் செய்தி வெளியாகும்போதெல்லாம் கடிபட்டவரின் வயதும் காயங்களின் எண்ணிக்கையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அதே நாய் இதற்கு முன் யாரையாவது துரத்தியதா, அது குறித்து யாராவது எங்காவது முறையிட்டார்களா, முறையிட்டபோது என்ன பதில் கிடைத்தது என்ற கேள்விகளையும் நிருபர்கள் அந்தத் தெருவில் நான்கு வீடுகளில் கேட்டு, கிடைக்கும் பதில்களைச் செய்தியிலேயே சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்