சொப்புக் கிண்ணத்தில் மொய்ங்கா

யாங்கோன்
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய், நிம்மதி. என் கண்ணும் அதே வழியில்தான் போகிறது. ஆனால் அதற்கு நான் கொடுக்கும் வேலையைக் கேட்டால் திட்டுவாய். எழுபது வயதில் மறுபடி சொப்பு வைத்து விளையாடுகிறேன்.

பேத்தி பாங்காக்கிலிருந்து பாலிமர் களிமண் வாங்கி வந்தாள். பேர்தான் மண், உண்மையில் அது பிவிசி பிளாஸ்டிக். பிசைந்து உருவம் பிடித்து, சின்ன ஓவனில் 130 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் கெட்டியாகிவிடும். பொம்மை வீட்டுக்கு இதில் சாப்பாடு செய்கிறார்கள். நிஜத்தில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலம். பேத்தி கேக்கும் பீட்சாவும் செய்தாள், இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. மிச்ச மண் எனக்கு வந்தது. எனக்குக் கேக் வேண்டாம். 1964இல் நீங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டோமே, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், அந்த மொய்ங்கா வேண்டும்.

கிண்ணம் சுலபம், சட்டைப் பொத்தான் அளவு. நூடுல்ஸ்தான் உயிரை வாங்கியது. எவ்வளவு மெல்லிசாக உருட்டினாலும் கிண்ணத்தில் மண்புழு மாதிரி கிடந்தது. கடைசியில் வெள்ளைத் தையல் நூலைச் சுற்றிப் போட்டேன். "ஏமாத்து வேலை பாட்டி" என்றாள் பேத்தி. இந்த வேலையே ஏமாற்றுவதுதானே!

குழம்புக்குத் திரவமாகவே ஒரு மண் பாட்டிலில் வருகிறது, நிறம் நாம்தான் சேர்க்க வேண்டும். நான் கெட்டிக்காரத்தனமாக அடுக்களை மஞ்சள் தூளைக் கலந்தேன். வெந்து வந்தபோது எவ்வளவு அழகு தெரியுமா! ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு மாதத்தில் வெளுத்து, நோயாளிக் கஞ்சி போல ஆகிவிட்டது. புடவையில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் போட்டே போக்குகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? இப்போது சாக் பேஸ்டலைச் சுரண்டி, காவியும் மஞ்சளும் கலந்த பொடிதான் போடுகிறேன்.

குழம்பில் போடுகிற வாழைத்தண்டில் ஒரு பாடம் படித்தேன். வெந்த தண்டு வெள்ளை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வெள்ளை மண்ணில் செய்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நிஜத் துண்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளே போய் மங்கலாக மறுபக்கம் வருகிறது. வெங்காயமும் அப்படித்தான், சோறும் அப்படித்தான். வெளிச்சம் புகுகிற ஒரு மண் தனியாக இருக்கிறது. அதில் வெள்ளையைக் கடுகளவு சேர்த்தேன், தண்டு வந்துவிட்டது.

மேலே நொறுக்கிப் போடும் பருப்புத் தட்டை, அந்தப் பேஜோவுக்கு வேறு கதை. பத்தாவது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது. இங்கே அது அன்றாடம் நடப்பதுதான். எடுத்தால் அப்பளம் மாதிரி உடைகிறது. நல்லவேளை, இந்த மண்ணை மறுபடி சுடலாம். கரண்ட் வந்ததும் கோபத்தில் சூட்டை ஏற்றினேன். ஓரம் கருகி, மூக்கைப் பிடுங்குகிற புகை. பிவிசி கருகினால் வரும் புகை பொல்லாதது, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பார், அந்தக் கருகல்தான் பேஜோவை நிஜமாக்கியது. முன்பு செய்ததெல்லாம் கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற பலகாரம் போலிருந்தது, இது சட்டியிலிருந்து எடுத்தது. இப்போதெல்லாம் கருக விடுவதில்லை, ஓரத்தில் பழுப்புப் பொடி தடவுகிறேன். ஓவனுக்குள் வைக்க ஒரு தெர்மாமீட்டரும் வாங்கியாயிற்று, டயலை நம்புவதில்லை.

நீ அனுப்பிய சென்னை பர்மா பஜார் அத்தோ நூடுல்ஸ் படத்தைப் பார்த்தேன். அது என்னடி ஆரஞ்சு நிறம்! எங்கள் தெருவில் அப்படி ஒரு நூடுல்ஸைக் கண்டதில்லை. இருந்தாலும் உனக்காக அதிலும் ஒரு தட்டு செய்து வைத்திருக்கிறேன்.

மொய்ங்காவில் முட்டை ஒன்றுதான் பாக்கி. மஞ்சள் மண்ணைக் குச்சியாக உருட்டி, மேலே வெள்ளையைச் சுற்றி, மெல்ல உருட்டி நீட்டி வில்லை வில்லையாக நறுக்க வேண்டும். ஒரு வில்லை நாலு மில்லிமீட்டர் இருக்கும். நறுக்கக் கத்தியை எடுத்தபோதுதான் சந்தேகம் வந்தது. உன் அம்மா முட்டையை நூலால் அறுப்பார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை இழுப்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அறுத்தது குறுக்கிலா, நீளவாக்கிலா? குறுக்கு என்றால் இந்த வில்லை சரி, நீளவாக்கு என்றால் வேறு விதமாகச் செய்ய வேண்டும். உன் அக்காவைக் கேட்டு எழுது. அதுவரை குழம்பை ஊற்றாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி